ஆண் செவிலியருக்கு வேலை எங்கே இருக்கிறது?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்துவிட்டேன். கல்விக் கடன் நாலரை லட்சம் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் 40 படுக்கை உள்ள மருத்துவமனையில் மாதம் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யூ.வுக்கு எடுக்கிறார்கள், சம்பளம் 16,500. ஆனால் ஹாஸ்டல் பெண்களுக்கு மட்டும்தானாம். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா படித்த என் நண்பனுக்கும் இதே சம்பளம்தான் கிடைக்கிறது. பிறகு நான் எதற்கு நான்கு வருடம் படித்தேன்? கல்லூரியில் தெரிந்தவர் உடனே எம்.எஸ்சி. சேரச் சொல்கிறார். ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கொடுத்தால் சவுதியில் வேலை என்கிறார். இன்னொரு நண்பன், சிகிச்சை விவரங்களை இன்சூரன்ஸ் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்கு வா என்கிறான். மாமா, “ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா நர்ஸ் வேலை?” என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார். என் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அவனையும் நர்சிங்கில் சேர்க்கலாமா?

பதில்: தம்பி, சென்னைக்குப் போங்கள். ஐ.சி.யூ. வேலையை எடுங்கள். நானும் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது ஒரு மருத்துவமனையில் செவிலியர்களைத் தேர்வு செய்யும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்ப்பதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நண்பன் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சம்பளத்தைவிட அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்சி. 4 வருடம். வார்டுக்குள் வந்துவிட்டால் இருவருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே நைட் டியூட்டி, அதே நோயாளிகள். இருவருமே கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் என்பதால் தனியார் மருத்துவமனைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. சில இடங்களில் பட்டம் படித்தவருக்கு மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கூடப் போடுவார்கள். அவ்வளவுதான். அதனால் தனியார் மருத்துவமனையின் சம்பளச் சீட்டை வைத்துப் பட்டத்தை எடை போட்டால் நான்கு வருடமும் வீண் என்றுதான் தோன்றும். பட்டம் செல்லுபடியாகும் இடங்கள் வேறு. மத்திய அரசுத் தேர்வுகள், வெளிநாட்டு உரிமம், மேற்படிப்பு, கற்பிக்கும் வேலை. இந்த இடங்களில் உங்களுக்கும் நண்பனுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வையே பாருங்கள். நாட்டிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆஃபீசர்களை 2020 முதல் இந்தப் பொதுத் தேர்வு வழியாகத்தான் எடுக்கிறார்கள். பி.எஸ்சி. முடித்துக் கவுன்சில் பதிவும் இருந்தால் நீங்கள் நாளைக்கே விண்ணப்பிக்கலாம், அனுபவம் கேட்பதில்லை. ஜி.என்.எம். முடித்தவர் என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். உங்கள் நண்பன் 40 படுக்கை மருத்துவமனையில் எத்தனை வருடம் உழைத்தாலும் அந்தத் தேர்வுக்கு அது கணக்கில் வராது. இதை அவருக்கும் சொல்லுங்கள். சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின் நிலை 7. அடிப்படை மட்டும் 44,900 ரூபாய், அகவிலைப்படியும் மற்றப் படிகளும் தனி. பொதுப் பிரிவில் வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு 3 வருடமும் பட்டியலினத்தவருக்கு 5 வருடமும் தளர்வு.

இதில் ஆண்களுக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2019இல் எய்ம்ஸ் நிர்வாகம் நர்சிங் ஆஃபீசர் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்று பிரித்தது. வட மாநிலங்களில் நர்சிங் படித்த ஆண்கள் ஏராளம். அத்தனை பேரும் அந்த 20 சதவீதத்துக்குள் மோதுவதால் ஆண்களுக்கான கட்-ஆஃப் ஏறித்தான் நிற்கும். பாடப்புத்தகத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போய் எழுதும் தேர்வு அல்ல இது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். அதனால் எய்ம்ஸை மட்டும் நம்பாமல் ரயில்வேயையும் இ.எஸ்.ஐ. கழகத்தையும் சேர்த்துக் குறிவையுங்கள். ரயில்வேயில் ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு இப்போது நர்சிங் சூப்பரின்டென்டன்ட் என்று பெயர். சம்பளம் அதே நிலை 7, 80:20 பங்கீடும் அங்கே இல்லை. இ.எஸ்.ஐ. கழகத்துக்கு 2024இல் யு.பி.எஸ்.சி. வழியாக 1,930 நர்சிங் ஆஃபீசர் இடங்களை அறிவித்தார்கள். இப்படிப்பட்ட அறிவிப்பு வருடா வருடம் வராது. வரும்போது தயாராக இருப்பவர்களுக்குத்தான் பயன். பட்டாளத்தில் சேரலாமா என்று சிலர் கேட்பார்கள். ராணுவ செவிலியர் சேவையில் பெண்களை மட்டும்தான் அதிகாரிகளாக எடுக்கிறார்கள். ஆண்களுக்குள்ள நர்சிங் அசிஸ்டன்ட் பணி பிளஸ் டூ தகுதிக்கான சிப்பாய் வேலை. அதற்கு உங்கள் பட்டம் தேவையே இல்லை.

தமிழ்நாடு அரசு வேலையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கனவு உண்டு. எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. முதலில் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தவர்களில் பலர் பல வருடம் கழித்தும் போராட்டப் பந்தலில் உட்கார வேண்டியிருந்தது. ஊதியம் படிப்படியாக ஏறி 18,000 வரை வந்தது. அறிவிப்பு வந்தால் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக ஊரில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். கிராம சுகாதார செவிலியர் பணி பெண்களுக்கானது. துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று ஒப்பந்தத்தில் எடுப்பதற்கு ஆண்களும் போகலாம். உள்ளூரிலேயே இருந்தாக வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு அது நல்ல இடம். உங்களுக்கு அப்படிக் கட்டாயம் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

இனி 40 படுக்கையா, ஐ.சி.யூ.வா என்ற கேள்வி. என் முன்னால் வரும் விண்ணப்பங்களில் நான் முதலில் பார்ப்பது எந்த யூனிட்டில் எத்தனை காலம் வேலை பார்த்தார் என்பதைத்தான். பட்டம், மதிப்பெண், கல்லூரிப் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். சின்ன மருத்துவமனையில் நீங்கள் எல்லா வேலையும் பார்ப்பீர்கள். காலையில் ஓ.பி.யில் டோக்கன் போடுவீர்கள், மதியம் டிரிப் ஏற்றுவீர்கள், சாயங்காலம் ஃபார்மசியில் ஆள் வரவில்லை என்றால் அங்கேயும் நிற்பீர்கள். ஒரு வருடம் கழித்து உங்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் சொல்ல வரும். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பார்ப்பீர்கள், ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட் படிப்பீர்கள், இதயத்துக்கு வலுவூட்டும் ஐனோட்ரோப் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போடுவீர்கள், நள்ளிரவில் ஒருவருக்கு இதயம் நின்றால் அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும் நாலு பேரில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். ஒரு வருடம் கழித்து அதே கேள்வி வந்தால் உங்களிடம் தெளிவான பதில் இருக்கும்.

ஆண்களுக்கு இது இன்னும் முக்கியம். பிரசவ வார்டும் மகப்பேறு ஓ.பி.யும் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. பெண்கள் பொது வார்டிலும் போட மாட்டார்கள். தமிழ்நாட்டில் சின்ன, நடுத்தர மருத்துவமனைகள் பலவும் பிரசவத்தையும் பெண்கள், குழந்தைகள் சிகிச்சையையும் வைத்துத்தான் ஓடுகின்றன. அங்கெல்லாம் ‘பிரதர்’ ஒருவர் போதும், இரவில் குடித்துவிட்டு வந்து கேஷுவால்டியில் சத்தம் போடுகிறவர்களை அடக்க! (சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஆண் செவிலியர் பலரின் முதல் வருடம் இப்படித்தான் போகிறது.) ஆனால் ஐ.சி.யூ., எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர், இதய ஆஞ்சியோ செய்யும் கேத் லேப், டயாலிசிஸ், எலும்பு முறிவு, நரம்பியல், மனநலம் ஆகிய பிரிவுகளில் ஆண்களைக் கேட்டே எடுக்கிறார்கள். 90 கிலோ எடையுள்ள நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய இடத்தில் யாரும் ஆணா பெண்ணா என்று தயங்குவதில்லை. ஆகவே ஆண் செவிலியருக்குப் பொதுவாக வேலை இல்லை என்று சொல்வது தவறு. அவனுக்குத் திறந்திருக்கும் கதவுகள் குறைவு, அவை எல்லாமே சிறப்புப் பிரிவுகளின் கதவுகள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

சேர்ந்த பிறகு மூன்று விஷயங்களில் கறாராக இருங்கள். நியமனக் கடிதத்தில் பதவி ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்றே இருக்க வேண்டும். டிரெய்னி, அசிஸ்டன்ட், டெக்னீஷியன் என்று போட்டால் பின்னால் வெளிநாட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் இடிக்கும். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும், கையில் வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். இரண்டு வருட பாண்ட் என்று சொல்லி டி.சி.யையும் டிகிரி சான்றிதழையும் வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளட்டும், அதற்கு மேல் அவர்களுக்கு உரிமை கிடையாது. வேலையை விடும்போது அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்தப் பிரிவு, மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்ற நான்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த ஒரு தாளுக்காக வளைகுடாவிலிருந்து பழைய மருத்துவமனைக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

108 ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் வேலைக்கு உங்கள் நண்பர்கள் சிலர் போயிருப்பார்கள். உயிரைக் காக்கும் வேலை, மரியாதையான வேலை. ஆனால் 12 மணி நேர ஷிஃப்ட், பதவியின் பெயரும் வேறு. மருத்துவமனை செவிலியர் அனுபவமாக அதை எண்ணுவது கடினம். முதல் வேலையாக அது வேண்டாம் என்பேன்.

சம்பளம் குறைவு என்ற உங்கள் கோபம் நியாயமானது. உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும், 200 படுக்கைக்கு மேல் போனால் அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் வரை போனதால் 2018இல் அங்கே 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணை வந்தது. நம்மூரில் தனியார் செவிலியர்கள் அந்த அளவுக்குத் திரளவில்லை, பரிந்துரையும் தாளிலேயே நிற்கிறது. சென்னையின் அந்தப் பெரிய மருத்துவமனை உங்களுக்கு 16,500 தருவது அந்தப் பரிந்துரையின் பக்கத்தில்கூட வராது. தெரிந்துதான் போகச் சொல்கிறேன். அங்கே இருக்கும் முதல் இரண்டு வருடத்தில் நீங்கள் சம்பாதிப்பது பெரும்பாலும் அனுபவச் சான்றைத்தான்.

ஏஜென்ட் கதைக்கு வருவோம். இரண்டரை லட்சம் கொடுக்காதீர்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான் வாங்கலாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2015இல் குவைத்துக்குச் செவிலியர்களை அனுப்பிய கொச்சி நிறுவனம் ஒன்று ஒருவரிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் வசூலித்ததாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அந்தக் காலகட்டத்தில்தான் சவுதி, குவைத் உட்பட 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர்கள் எல்லோரும் குடியேற்ற அனுமதி பெற வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்ற விதியை மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கென்று இருப்பது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978 முதல் இயங்கும் தமிழக அரசு நிறுவனம் அது. அவர்கள் இணையதளத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். தனியார் முகவர் யாராவது வந்தால் உரிம எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. சவுதி சுகாதார அமைச்சகத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் ‘பெண்கள் மட்டும்’ என்றிருக்கும். ஆண்களைக் கேட்பது எமர்ஜென்சி, ஐ.சி.யூ., டயாலிசிஸ் போன்ற பிரிவுகளுக்கு. அதுவும் பெரும்பாலும் 2 வருட அனுபவத்தோடு. எந்த அனுபவமும் இல்லாத ஆணுக்கு சவுதியில் நர்ஸ் வேலை ரெடியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அங்கே போய் இறங்கியதும் என்ன வேலை கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முறையாகப் போவதென்றால் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, அப்புறம் புரோமெட்ரிக் தேர்வு, அதன்பின் உரிமம். பி.எஸ்சி. பட்டம் இங்கே உங்களுக்குத் துணை நிற்கும். டிப்ளமா வைத்திருப்பவர்களுக்குப் பல இடங்களில் பதவி ஒரு படி கீழேதான்.

ஆண் என்பதால் எந்த இழப்பும் இல்லாத நாடு வேண்டுமென்றால் ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே முதியோர் அதிகம், பராமரிக்க ஆள் இல்லை. ஜெர்மன் மொழியில் பி1 என்ற நிலையை முடித்தால் பயணத்தைத் தொடங்கலாம், முழு செவிலியர் அங்கீகாரத்துக்கு பி2 வேண்டும். அந்த அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் நிலையில் சுமார் 2,300 யூரோ, வந்தபின் சுமார் 2,900 யூரோ என்று கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் வழியாக நடக்கும் ‘டிரிபிள் வின்’ திட்ட அறிவிப்புகளில் வந்திருக்கிறது. வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை இது. நம்மூரிலும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஜெர்மன் பயிற்சி தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் தாட்கோ அறிவிப்புகளையும் கவனியுங்கள். ஆனால் மொழி விளையாட்டு அல்ல, வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் செவிலியர் வேலைதான். நம்மூரைப் போல ‘ஆயாம்மா, இங்கே வாங்க’ என்று கூப்பிட ஆள் கிடையாது. இது தெரியாமல் போய் மூன்றே மாதத்தில் மனமுடைந்தவர்கள் உண்டு.

இங்கிலாந்துக்கு ஆள் எடுப்பது கோவிட் காலத்துக்குப் பிறகு உச்சத்தில் இருந்தது, 2024இல் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓ.இ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்றை எழுதி வைத்தால் அயர்லாந்து, ஆஸ்திரேலியா பக்கமும் உதவும் என்பதால் ஆங்கிலத்தைத் தேய்த்துக்கொண்டே இருங்கள். இப்போதைக்கு அதற்காகக் கோச்சிங் சென்டரில் பணம் கட்ட வேண்டாம்.

எம்.எஸ்சி. இப்போது வேண்டாம். அதைவிட முக்கியமாக, இப்போது சேரவே முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. முடித்து ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். “அதெல்லாம் நாங்கள் சான்றிதழ் ஏற்பாடு பண்ணித் தருகிறோம்” என்பார்கள். அந்தச் சான்றிதழோடு நாளைக்கு டேட்டாஃப்ளோவில் மாட்டினால் அனுபவத்தோடு சேர்த்து உங்கள் பட்டத்தையும் சந்தேகப்படுவார்கள். பிற்காலத்தில் கற்பிக்கும் ஆசை வந்தால் எம்.எஸ்சி. படியுங்கள். ஆனால் தனியார் நர்சிங் கல்லூரியில் டியூட்டர் சம்பளம் ஐ.சி.யூ. சீனியர் செவிலியரைவிடக் குறைவாக இருப்பதை நானே பார்க்கிறேன். நோயாளியோடு நிற்பதுதான் பிடிக்கிறது என்றால் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமாக்கள் இருக்கின்றன. கிரிட்டிகல் கேர், எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர் என்று பிரிவு வாரியாக. எனக்கு அவைதான் காசுக்கேற்ற படிப்பாகத் தோன்றுகின்றன. அதற்கும் முன்னால் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிகள் இரண்டையும் முடித்துவிடுங்கள். இரண்டும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் வெளிநாட்டு விண்ணப்பத்தின்போது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெடிக்கல் கோடிங்கில் தப்பில்லை. சென்னையில் அந்த வேலை நிறைய இருக்கிறது, நர்சிங் படித்தவர்களை விரும்பி எடுக்கிறார்கள், உட்கார்ந்த வேலை. ஆனால் போனால் திரும்புவது கஷ்டம். பல நாடுகளின் கவுன்சில்கள் கடைசி சில வருடங்களில் நோயாளிகளோடு வேலை பார்த்தாயா என்றுதான் கேட்கும். கோடிங்கில் மூன்று வருடம் இருந்துவிட்டு ஐ.சி.யூ.வுக்கு வருகிறேன் என்றால் என் மேஜையிலும் யோசிப்போம். வார்டு வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவரவே இல்லை என்று அனுபவத்தில் தெரிந்தபின் போங்கள். இப்போதே போவதென்றால் அந்த நான்கு வருடம் உண்மையாகவே வீண்.

அதே மாதிரி உட்கார்ந்த வேலை, ஆனால் செவிலியர் வேலையாகவே வேண்டும் என்றால் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் மருத்துவ அறையும் அதற்குச் செவிலியர் பணியாளரும் இருந்தாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்து ஆலைகளில் இந்த வேலைக்கு ஆண்களை அதிகம் எடுக்கிறார்கள், இரவு ஷிஃப்ட் ஒரு காரணம். எமர்ஜென்சியில் இரண்டு வருடம் இருந்தவருக்கு அங்கே முன்னுரிமை. கல்யாணத்துக்குப் பிறகு நிலையாக ஓர் ஊரில் இருக்க நினைப்பவர்களுக்குத் தோதான வேலை, அதிகம் பேருக்குத் தெரிவதில்லை.

கடன் கணக்கைப் பார்ப்போம். நாலரை லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 வருடத்தில் அடைக்கிறீர்கள் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 5,950 ரூபாய் வரும். 15 வருடம் என்றால் 4,840க்குள். சென்னையில் நாலு பேர் சேர்ந்து அறை எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, பேருந்தில் போய்வந்தால் 16,500இல் தவணை கட்டிவிட்டு ஊருக்குப் பெரிதாக எதுவும் அனுப்ப முடியாது. ஆனால் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. வங்கிக்குப் போய் உங்கள் கடனுக்கு அந்தத் தேதி என்ன, வட்டி மானியம் பதிவாகியிருக்கிறதா, 15 வருடமாக நீட்டிக்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். பல பிள்ளைகள் வங்கியிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்காமல் விடுகிறார்கள். அதில் கெட்டுப்போகும் கடன் வரலாறு பின்னால் வீட்டுக் கடன் வரை துரத்தும். முதல் வருடம் வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு வந்தால் அசல் வீங்காது. வீட்டில் அப்பாவிடம் இந்த இரண்டு வருடம் பணம் எதிர்பார்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

மாமாவோடு வாதாட வேண்டாம். அடுத்த தடவை வரும்போது நார்செட் அறிவிப்பில் சம்பளம் போட்டிருக்கும் பக்கத்தைக் காட்டுங்கள், போதும்.

உங்கள் தம்பி விஷயம். அவனுக்கு விருப்பம் இருந்தால் சேர்க்கலாம். ஆனால் இன்னொரு நாலரை லட்சம் கடனில் வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங்குக்குத் தமிழ்நாட்டில் நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடமோ, தனியாரில் அரசு ஒதுக்கீட்டு இடமோ கிடைத்தால் எடுங்கள். பக்கத்து மாநிலத்துக் கல்லூரி என்றால் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கர்நாடகத்தில் 2017இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பட்டியலை வைத்துப் பெரிய குழப்பம் நடந்தது, நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் தவித்தார்கள். அப்புறம் கல்லூரிக்கென்று சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. பிராஸ்பெக்டஸில் எல்லோரும் அதைப் போட்டிருப்பார்கள். நீங்கள் ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்கு நேரில் போங்கள். ஓ.பி.யில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வார்டில் எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கட்டில்கள் காலியாகக் கிடந்தால் அங்கே ஃபீஸ் கட்ட வேண்டாம்.